டிக்கியின் அடியில் கிடந்த கயிறு

ஆற்றுப்படுகையை ஒட்டிய மண்பாதை. மழை பிடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. என் வண்டியின் இடது பின்சக்கரம் பாதி உயரத்துக்குச் சேற்றில் இறங்கி, சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் தரையில் உட்கார்ந்துவிட்டது. இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. இழுவைக் கயிறு இருந்தது, மண்வெட்டி இருந்தது, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகைகள் இருந்தன, பின்னால் இன்னொரு வண்டியில் அண்ணன் வந்துகொண்டிருந்தார். வேண்டியதெல்லாம் கைவசம் இருக்கிறது என்ற தெம்போடுதான் டிக்கியைத் திறந்தேன்.

“கயிறு எங்கடா?” என்றார் அண்ணன், மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து விட்டபடி.

“அடியில இருக்குண்ணே. எல்லாத்தையும் இறக்கணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி மடக்கு நாற்காலிகளை வாங்கத் தொடங்கினார். நாற்காலிகள், மேசை, துணிப்பைகள், ஸ்லீப்பிங் பேக்குகள், சமையல் பெட்டி, கூடாரம் என்று ஒவ்வொன்றாக இறங்கிச் சேற்றில் வரிசைகட்டின. தார்ப்பாயை எடுத்து மூடலாம் என்றால் அது கயிற்றுக்கும் கீழே இருந்தது. கடைசியில் கயிறு கைக்கு வந்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. மண்ணை வெட்டி, பலகையைச் செருகி, வண்டியை வெளியே எடுக்கப் பத்தே நிமிடம்தான் ஆனது. ஆனால் நான்கு ஸ்லீப்பிங் பேக்குகளில் இரண்டு தண்ணீரில் ஊறிவிட்டன. அந்த ராத்திரி நான்கு பேரும் மாறி மாறித் தூங்கினோம்.

அந்தப் பயணத்துக்கு நான் எதையும் மறக்கவில்லை. பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றியிருந்தேன். பொருள் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு என்பதுதான் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. வீடு மாற்றும்போது லாரியில் அடுக்குவதுபோல, பெரியதும் கனமானதும் கீழே, லேசானது மேலே என்று அடுக்கியிருந்தேன். வீடு மாற்றும்போது எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் இறங்கிவிடும். பாதையில்லாத இடத்துக்குப் போகிற வண்டியில் ஒவ்வொரு பொருளும் வேறு வேறு நேரத்தில் தேவைப்படுகிறது. சில பொருட்கள் மிக மோசமான நேரத்தில்தான் தேவைப்படுகின்றன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இது தேவைப்படும்போது நான் எந்த நிலையில் இருப்பேன்? கூடாரம் தேவைப்படும்போது வண்டி சமதளத்தில் நிற்கும், எனக்கும் நேரம் இருக்கும். அதனால் அது எங்கே இருந்தாலும் சரி. இழுவைக் கயிறு தேவைப்படும்போது வண்டி சாய்ந்திருக்கலாம், ஒரு பக்கக் கதவு கரையில் முட்டித் திறக்காமல் போகலாம், பின்பக்கம் தண்ணீரில் இருக்கலாம். தீயணைப்பான் தேவைப்படும்போது என் கையில் சில விநாடிகள்தான் இருக்கும். முதலுதவிப் பெட்டி தேவைப்படும்போது அதைத் தேடி எடுப்பவர் நானாக இல்லாமலும் போகலாம். அடிபட்டவனே நானாக இருந்தால்? ஆகவே அது எங்கே இருக்கிறது என்பது வண்டியில் வரும் எல்லோருக்கும், சின்னப் பிள்ளைகள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் அடுக்கும் வரிசை தானாக அமைந்துவிடுகிறது.

அடுக்குவதற்கு முன்னால் எடை. இதைப் பேசாமல் பொருட்களைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச எடை குறித்திருக்கிறார். வண்டியின் சொந்த எடையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் நாம் ஏற்றக்கூடியது. அந்தக் கணக்கில் மனிதர்களும் அடக்கம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒரு வண்டி 500 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ என்றால் நான்கு பேருக்கே 300 போய்விடும். மீதி 200. கூரைமேல் விரிக்கும் கூடாரம் 60, அதைத் தாங்கும் ரேக் 25, தண்ணீர் 40, உணவோடு சேர்த்து ஃபிரிட்ஜ் 35. கூட்டினால் 160 ஆகிறது. புதைந்த வண்டியை வெளியே எடுக்கும் மீட்புச் சாமான் 25, ஸ்பேனர் பெட்டியும் ஜாக்கியும் 15. இருநூறு முடிந்துவிட்டது. துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், நாற்காலி எதுவுமே இன்னும் ஏறவில்லை. வண்டியை இரும்பு பம்பர், கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் என்று ஏற்கெனவே மாற்றியிருந்தால் அந்த எடையும் இதே 500-க்குள்தான்.

முழுதாக ஏற்றிய பிறகு ஒருமுறையாவது எடைமேடைக்குப் போய்விட்டு வாருங்கள். முடிந்தால் முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக எடை போடுங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் ஆக்சில் மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும் வண்டிகள் நிறைய. காரணம் எளிது. இரு ஆக்சில்களுக்கும் இடையே 2.8 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின் ஆக்சிலில் ஏறுவது 100 அல்ல, கிட்டத்தட்ட 136 கிலோ. அந்த உபரி 36 கிலோ முன் ஆக்சிலிலிருந்து தூக்கப்படுகிறது. ஏற்றப்பலகை விளையாட்டுதான் இது. முன்சக்கரத்தில் அழுத்தம் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தரையைக் கவ்வாது, ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் போய் அடிக்கும். அதனால் தண்ணீர், பேட்டரி, ஸ்பேனர் பெட்டி போன்ற கனமானவற்றை இரு ஆக்சில்களுக்கும் நடுவே, பின் இருக்கையின் முதுகை ஒட்டி, தரையோடு தரையாக வைப்பதுதான் நல்லது. கயிறும் மண்வெட்டியும் கனமில்லை. அவை கதவோரம் நிற்கலாம்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கூரைமேல் ஏற்றலாம் என்று கையேட்டில் கொடுத்திருக்கும் எடை ஓடும் வண்டிக்கானது. பல வண்டிகளில் அது 75 கிலோ அல்லது அதற்கும் கீழே. ரேக்கின் எடையும் அதற்குள்தான் வருகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கூரை அதைப்போலப் பல மடங்கு தாங்கும், அதனால்தான் கூரைக் கூடாரத்தில் இரண்டு பேர் படுக்க முடிகிறது. ஓடும்போதும் அதே எடையைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் கூரைச் சுமை மேலெழும்பி மறுபடி கீழே அடிக்கிறது. பக்கவாட்டில் சரிந்த பாதையில் போகும்போது உயரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவிழ்க்கும் பக்கம்தான் நிற்கிறது. கூரையில் நான் வைப்பது பெரிதாகவும் லேசாகவும் இருப்பவை மட்டும்: பலகைகள், காலி டப்பாக்கள், சில சமயம் கூடாரத்தின் துணி. டயரும் எரிபொருள் கேனும் அங்கே ஏறக் கூடாது என்பது என் தீர்மானம்.

அப்புறம், கட்டுவது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம். அந்த வேகத்தில் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாமல் வைத்த தண்ணீர் கேன் நிற்காது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்த கேன்போல முன்னிருக்கையின் முதுகில் வந்து இறங்கும். வண்டி உருண்டால் எல்லாத் திசையிலும் பறக்கும். ஆகவே டிக்கித் தரையில் தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் கொக்கிகளைத் தேடிப் பாருங்கள். பல வண்டிகளில் அவை கம்பளத்துக்கு அடியிலோ பிளாஸ்டிக் மூடிக்குள்ளோ ஒளிந்திருக்கும். கனமான பெட்டிக்கு ரேட்சட் (நெம்பி நெம்பி இறுக்கும் பல்சக்கரம்) வைத்த பட்டை, லேசான பெட்டிக்கு வெறும் கவ்வி வைத்த பட்டை போதும். ரேட்சட்டில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதன் இழுவிசை அதிகம் என்பதால் பிளாஸ்டிக் பெட்டியை நெளித்துவிடும். நெளிந்த பெட்டி மறுநாள் தளர்ந்துவிடும். கரடுமுரடான பாதையில் முதல் அரைமணி நேரம் ஓட்டியதும் நின்று எல்லாப் பட்டைகளையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். சாமான்கள் குலுங்கித் தங்கள் இடத்தில் அமர்ந்த பிறகுதான் உண்மையான இறுக்கம் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது கல்போல இருந்த பட்டை அதற்குள் விரல் நுழையும் அளவுக்குத் தொங்கியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பைகள் பறக்காமலிருக்க இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு இருந்தால் இன்னும் நிம்மதி.

குலுங்குவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு காட்சி ஞாபகம் வருகிறது. அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த சரளைப் பாதையில் ஒரு முழு நாள் ஓட்டிவிட்டு, சாயங்காலம் சமையல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி. விரலால் தொட்டால் பளபளத்தது. அலுமினியப் பாத்திரமும் அதன் மூடியும் நாள் முழுக்க ஒன்றையொன்று உரசி, உலோகமே பொடியாக உதிர்ந்திருந்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த பானத் தகரத்தின் இடுப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. உள்ளிருந்ததெல்லாம் கசிந்து பெட்டியின் அடியில் பிசுபிசுத்துக் கிடந்தது. அதே பெட்டியில் எரிவாயுக் குப்பி ஒன்றும் இருந்தது. அதன் பெயின்ட் ஒரு பட்டை அகலத்துக்கு உரிந்திருந்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து உலோகமும் உலோகமும் தொடும் இடமெல்லாம் ஒரு துண்டுத் துணி வைக்கிறேன். கைத்துண்டு, காலுறை, தேய்த்துக் கழுவும் துணி என்று எதுவானாலும் சரி, எப்படியும் எடுத்துப்போகிற துணிதானே. எரிவாயுக் குப்பிகளுக்குத் தனியாக மெத்தென்ற ஒரு பை.

பெட்டிகளைப் பொறுத்தவரை, பலரும் பெரிய பெட்டி வாங்குகிறார்கள். நான் நடுத்தரப் பெட்டிதான் சொல்வேன், ஒரே ஆள் இருகையால் தூக்கி நடக்கக்கூடிய அளவு. பெரிய பெட்டி நிறைந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும், நிறையாவிட்டால் உள்ளே எல்லாம் உருளும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருந்தால் இடம் மாற்றி அடுக்கலாம். துணியும் படுக்கையும் மென்மையான பைகளில் இருக்கட்டும், பெட்டிகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளில் அவற்றைத் திணித்தால் ஆப்புபோல எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் படுக்கைப் பைகளுக்குத் தண்ணீர் புகாத உறை கட்டாயம். ஆரம்பத்தில் சொன்ன ராத்திரி எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. பெட்டிகளை வகை பார்த்துப் பிரிப்பதைவிட நேரம் பார்த்துப் பிரிப்பது எனக்கு உதவியாக இருக்கிறது. பகலில் வழியில் நிற்கும்போது தேவைப்படுபவை ஒரு பெட்டி, இரவு தங்கும் இடத்தில் முதல் பதினைந்து நிமிடத்தில் தேவைப்படுபவை ஒரு பெட்டி. நெற்றியில் மாட்டும் விளக்கு, தீப்பெட்டி, குளிருக்கு ஒரு மேல்சட்டை, கூடார முளைகளை அடிக்கச் சுத்தியல், தரையில் விரிக்க ஒரு விரிப்பு ஆகியவை இரண்டாவது பெட்டிக்குள். மற்றதெல்லாம் விடிந்த பிறகு தேடிக்கொள்ளலாம். புழுதி மட்டும் எந்தப் பெட்டியையும் விடாது. கேமரா, மருந்து, காகிதங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டாவதாக ஓர் உறை போட்டுவிடுங்கள்.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைக்கிறேன், வெயில் கடுமையான இடமென்றால் அதற்கும் மேலே. நான்கு பேர் மூன்று நாள் என்றால் 48 லிட்டர், அதாவது 48 கிலோ. ஒரே பெரிய கேனில் இதை நிரப்பக் கூடாது. ஒரு விரிசல் விட்டால் பயணமே முடிந்தது. பத்துப் பத்து லிட்டராகப் பிரித்தால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும், தூக்கவும் இடுப்பு நோகாது. காலியான கேனை உடனே வண்டியின் நடுவிலிருந்து எடுத்துவிட்டு, நிறைந்ததை அங்கே நகர்த்தினால் எடையும் குலையாது.

எரிபொருளுக்கு ஜெர்ரி கேன். இந்த ஒரு பொருளின் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்ட கேன் இது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டப்பாக்களில் பெட்ரோல் கொண்டுபோனது. அவை வழியிலேயே கசிந்து ஏராளமான பெட்ரோல் மண்ணோடு போயிற்று. கைப்பற்றிய ஜெர்மன் கேன்களைப் பார்த்துத்தான் அவர்கள் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மானியரை அவர்கள் ‘ஜெர்ரி’ என்று அழைத்ததால் கேனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு ஜெர்ரி கேனை எடுத்து நிதானமாகப் பாருங்கள். மேலே ஒன்றல்ல, மூன்று கைப்பிடிகள். நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகள் இரண்டையும் பிடித்து இருவர் தூக்கலாம், வரிசையாக நின்று கைமாற்றலாம். காலிக் கேன்கள் என்றால் இரண்டின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் பிடிக்கலாம். பக்கங்களில் குறுக்காக அழுத்திய பள்ளங்கள் தகட்டுக்கு உறுதி தருகின்றன, வெயிலில் எரிபொருள் விரியும்போது தகடு கொஞ்சம் உப்பவும் இடம் கொடுக்கின்றன. மூடியைத் திறக்க ஸ்பேனர் வேண்டாம், ஒரு நெம்புகோல் போதும். கழுத்துக்குப் பக்கத்தில் காற்றுக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், நிரம்பிய கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். இத்தனை வருடம் கழித்தும் இதன் அடிப்படை வடிவத்தை யாரும் மாற்றவில்லை.

20 லிட்டர் டீசல் கிட்டத்தட்ட 17 கிலோ, கேனோடு சேர்த்தால் 21. அதை வண்டிக்குள்ளே, ஆட்கள் மூச்சுவிடும் இடத்தில் வைக்கவே கூடாது. நிரப்பும்போது கேனைக் கீழே தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ டிக்கியிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் பொறி விட வாய்ப்பு உண்டு.

மீட்புச் சாமான்களுக்கு வருகிறேன். கடைகளில் இவை முழு செட்டாகப் பளபளவென்று ஒரே பையில் கிடைக்கின்றன. வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தப் பையை ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிரித்துப் பாருங்கள், பயன்படுத்திப் பாருங்கள், வீட்டு வாசலிலேயே. நீளும் கயிறும் நீளாத கயிறும் வேறு வேறு. நைலானில் செய்த மீட்புக் கயிறு சுமார் 30 சதவீதம் வரை நீளும். இழுக்கும் வண்டி ஓட்டமாக வந்து கயிற்றை நீட்ட, அந்தச் சக்தி சேர்ந்து புதைந்த வண்டியை மெதுவாகப் பிடுங்குகிறது. நீளாத இழுவைப் பட்டையை வைத்து அதே மாதிரி ஓட்டமாக இழுத்தால் வரும் வெட்டு ஏதோ ஒன்றை உடைத்துவிடும். எது உடைகிறதோ அது குண்டுபோலப் பறக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு மாட்டி இழுத்து, அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்த உருண்டை இழுவைக்குச் செய்யப்பட்டது, பிடுங்குவதற்கு அல்ல. அதேபோல, வண்டியைக் கப்பலிலும் லாரியிலும் கட்டி ஏற்றுவதற்காக அடியில் கொடுத்திருக்கும் மெல்லிய வளையங்களும் இதற்கு ஆகாது. சட்டகத்தில் போல்ட் போட்டுப் பொருத்தி, எத்தனை டன் தாங்கும் என்று குறித்திருக்கும் கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மற்ற எதையும் வாங்குவதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் வளையமான ஷேக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்கும், 4.75 டன் என்பது பரவலாகக் கிடைப்பது. எதுவும் பொறிக்காத ஷேக்கிளை நான் வண்டியில் ஏற்றுவதில்லை. இப்போதெல்லாம் செயற்கை நாரில் பின்னிய மென் ஷேக்கிளையே அதிகம் எடுத்துப்போகிறேன். இரும்பு ஷேக்கிள் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்; இது கையில் இருப்பதே தெரியாது. எடை குறைவு என்பதால் அறுந்தாலும் இரும்பைப்போலப் பறந்து வந்து தாக்காது. கூர்மையான விளிம்பில் மட்டும் மாட்டக் கூடாது, அறுந்துவிடும். கயிற்றின் நடுவில் கனமான ஒரு துணியோ பாதி மண் நிரப்பிய பையோ போட்டு, எல்லோரையும் கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். யாராவது படம் எடுக்கக் கிட்டே வந்தால் இழுவையை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், நான் மாட்டிக்கொண்ட பெரும்பாலான முறைகளில் கயிறு தேவைப்பட்டதே இல்லை. மண்வெட்டியும் காற்றுமானியும் போதுமாக இருந்தன. தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை மணலில் 18-க்கு இறக்கினால் டயர் தரையைத் தொடும் இடம் நீளவாக்கில் நீண்டு, சக்கரம் மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகும். புதைந்த பிறகு இறக்குவதைவிட மணலில் நுழைவதற்கு முன் இறக்குவது புத்திசாலித்தனம். காற்று குறைந்த டயரில் வேகம் கூடாது, சட்டென்று வளைக்கவும் கூடாது. மறுபடி கெட்டியான சாலை வந்ததும் காற்று அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடாகிக் கிழியும். அதனால் கம்ப்ரஸர் வேண்டும். நல்ல கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரத்தை சிகரெட் லைட்டர் துளை தாங்காது, ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலேயே நேராக மாட்டுவதாக வாங்குங்கள். நான்கு டயருக்கும் ஒரே மூச்சில் அடித்தால் சூடாகி நின்றுவிடும் என்பதால் நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் ரப்பர் திரிகள், உதிரி வால்வு ஊசிகள், வால்வைக் கழற்றும் சின்னச் சாவி எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட இல்லை. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் திரி நிற்காது, ஸ்டெப்னிதான். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகை வேண்டும். மணலில் பலகை இல்லாமல் ஜாக்கியை ஏற்றினால் வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் கீழே போகும்.

படுக்கை விஷயத்தில் ஒன்று மட்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து அதிகமாக வருகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுவதால் அதில் சூட்டைப் பிடிக்கும் காற்று இருக்காது. விலையுயர்ந்த பை வாங்கி மெல்லிய விரிப்பில் படுத்தால் நடுங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பதை வைத்து, தங்கப்போகும் இடத்தின் உயரத்தைப் பார்த்து விரிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதே கணக்கு அடுப்புக்கும் உதவும். பியூட்டேன் மட்டும் நிரப்பிய குப்பி பூஜ்ய டிகிரியை நெருங்கும்போதே சோர்ந்துவிடும், ஏனென்றால் பியூட்டேன் ஆவியாக மாறும் வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்ப் பிரதேசத்துக்கு இரண்டும் கலந்த குப்பிதான் சரி. எவ்வளவு குளிரானாலும் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூங்குபவரை எழுப்பாது.

தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில், உலோகப் பிடியில். முதலுதவிப் பெட்டி பின்கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில். சீட் பெல்ட் அறுக்கும் கத்தி, தலைகீழாகத் தொங்கினாலும் கைக்கு எட்டும் இடத்தில். செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் அபாயச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருப்பவர்கள் அதைப் பைக்குள் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வெள்ளத்தில் போனால் பையும் போய்விடும்.

திரும்பி வரும்போது நிரப்பப் போகும் குப்பைக்கு இடம் விட்டுத்தான் நான் ஏற்றுகிறேன். ஸ்டெப்னியின் மேல் கட்டும் பை அதற்கு நல்லது, நாற்றம் உள்ளே வராது. மண்வெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு: தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி. அவசரத்தில் தேவைப்படும் இன்னொரு பொருள் அது, அதனால் அதுவும் கதவோரம்தான்.

வீடு திரும்பிய மறுநாளே, எல்லாம் மறப்பதற்குள், சாமான்களை இறக்கும்போது மூன்று குவியல் போடுகிறேன். தினமும் எடுத்தவை, ஒருமுறை எடுத்தவை, தொடாதவை. மூன்றாவது குவியலில் மீட்பு, மருத்துவம், தீ சம்பந்தப்பட்டவற்றை மட்டும் திரும்ப வண்டியில் வைத்துவிட்டு மற்றதை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவேன். இப்படி இரண்டே வருடத்தில் என் சுமையில் 60 கிலோ குறைந்தது. இரண்டாவது மேசை, கூடுதல் பாத்திரங்கள், ஒரு பெரிய கோடாலி, யாரும் உட்காராத இரண்டு நாற்காலிகள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, எல்லாம் ஏற்றிக் கட்டிய பிறகு, அண்ணன் வருவார். வாசல் விளக்கையும் வண்டி விளக்கையும் அணைத்துவிட்டு அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் இருட்டில் கையைவிட்டு எடுக்க வேண்டும். எந்தப் பெட்டியையும் நகர்த்தக் கூடாது.

“கயிறு.”

எடுத்தேன்.

“மண்வெட்டி. தார்ப்பாய். நெத்தி விளக்கு.”

எடுத்தேன்.

“வால்வு ஊசி.”

கம்ப்ரஸர் பையில் கைவிட்டேன், இல்லை. ஸ்பேனர் பெட்டியின் மேல்தட்டில் தடவினேன், அங்கேயும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் சமையல் பெட்டிக்குக் கீழே இருந்த சின்ன டப்பாவில் கிடந்தது.

“விளக்கைப் போடுண்ணே” என்றேன். சமையல் பெட்டியின் பட்டையை அவிழ்த்து, அந்த டப்பாவை எடுத்துக் காற்றுமானியோடு சேர்த்துக் கட்டினோம். பிறகு அண்ணன் மறுபடி விளக்கை அணைத்தார்.